கைப்பேசியோடு களத்தில் நிலவியல் வரைபடம்: தயாரிப்பு முதல் ஒப்படைப்பு வரை

ஓர் ஓடையின் இந்தக் கரையில் நிற்கிறீர்கள். எதிர்க்கரையில், சுமார் 40 மீட்டர் தள்ளி, சுண்ணாம்புக்கல் முடிந்து மணற்கல் தொடங்கும் எல்லை நன்றாகத் தெரிகிறது. இறங்கிப் போக வழியில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு புள்ளி சேர்த்து, 'பாறை எல்லை' என்று எழுதிச் சேமிக்கிறீர்கள். இரவில் வரைபடத்தைத் திறந்தால், அந்த எல்லை ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும். செயலி தப்பு செய்யவில்லை. நீங்கள் நின்ற இடம் அதற்குத் தெரியும், நீங்கள் பார்த்த இடம் தெரியாது.

களப்பணியில் கைப்பேசியைப் பயன்படுத்துவதில் பெரிய சிக்கல் இதுதான். திரையில் ஆறு தசம இலக்கத்தோடு ஓர் எண் தெரிந்ததும், அது முழுக்கச் சரி என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. காகிதத்தில் பென்சிலால் மங்கலாக வரைந்த கோடு தன் சந்தேகத்தைத் தானே சொல்லிவிடும். திரையில் எல்லாக் கோடும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கும். ஆகவே எதை நேரில் பார்த்தோம், எதை ஊகித்தோம், எந்த அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துப் பதியும்படி செயலியை நாம்தான் அமைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

எந்தச் செயலி?

ஒரே செயலி எல்லா வேலையும் செய்யும் என்று தேடி அலைய வேண்டாம். களத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஒரு குறிப்பேடு, ஒரு திசைகாட்டி.

குறிப்பேடாக நான் பரிந்துரைப்பது கியூஃபீல்டு. கணினியில் ஓடும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் கைப்பேசி வடிவம் என்று இதைச் சொல்லலாம். திறந்த மூல மென்பொருள், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டிலும் கிடைக்கும். மெர்ஜின் மேப்ஸும் கியூஜிஐஎஸ் திட்டத்தைத் திறக்கும் செயலிதான், குழுவாக வேலை செய்வோருக்கு ஏற்றது. இவற்றில் எனக்குப் பிடித்தது, எந்த அட்டவணையில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்கிறோம் என்பது. தரவும் ஜியோபேக்கேஜ் என்ற திறந்த வடிவத்தில் நம் கையிலேயே இருக்கும்.

திசைகாட்டியாக ஃபீல்டுமூவ் கிளைனோ இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ரிக் ஆல்மென்டிங்கர் உருவாக்கிய ஸ்டீரியோநெட் மொபைலும் உண்டு. கைப்பேசியைப் பாறைத் தளத்தின் மேல் வைத்தால் ஸ்ட்ரைக்கும் (தளத்தில் கிடையாக ஓடும் கோட்டின் திசை) டிப்பும் (கிடைமட்டத்திலிருந்து தளம் சரியும் கோணம்) தரும். இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் செய்ய விரும்பினால் ஸ்ட்ராபோஸ்பாட்டைப் பாருங்கள். கட்டமைப்பு நிலவியலாளர்கள் தங்கள் தேவைக்காகவே உருவாக்கியது அது. யாரோ கொடுத்த ஜியோபிடிஎஃப் (ஆயத்தொலைவு பதிந்த பிடிஎஃப்) வரைபடத்தின் மேல் நம் இருப்பிடம் தெரிந்தால் போதும் என்றால் அவென்சா மேப்ஸ் போதும்.

இனி சொல்வது கியூஃபீல்டையும் ஒரு திசைகாட்டிச் செயலியையும் மனதில் வைத்து. வேறு செயலி வைத்திருந்தாலும் முறை மாறாது.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை

களப்பணியின் தரம் பாதிக்கு மேல் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு வாரக் களப்பணிக்கு இரண்டு முழு நாள் தயாரிப்பு அதிகமில்லை.

முதலில் ஆயத்தொலைவு முறை. கைப்பேசியின் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 முறையில் அட்சரேகை, தீர்க்கரேகை. வரைபட வேலைக்கு மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைதான் வசதி. உலகம் 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மண்டலத்தைக் கண்டுபிடிக்க, தீர்க்கரேகையோடு 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, தசமத்தை விட்டுவிட்டு 1-ஐச் சேருங்கள். கிழக்கு 10 டிகிரி என்றால் 190-ஐ 6-ஆல் வகுக்க 31.67, ஆக மண்டலம் 32. மென்பொருளில் இந்த முறையைக் குறிக்கும் இபிஎஸ்ஜி எண் வட அரைக்கோளத்தில் 32632, தென் அரைக்கோளத்தில் 32732.

பழைய நிலவியல் வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து அடியில் வைக்கப் போகிறீர்களா? அது எந்த டேட்டத்தில் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையாகக் கொண்ட பூமி மாதிரி) வரையப்பட்டது என்று ஓரக்குறிப்பில் பாருங்கள். டேட்டம் மாறினால் எல்லாமே நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துவிடக்கூடும். சாலைச் சந்திப்பு, பாலம் போல மாறாத ஐந்தாறு இடங்களைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே அந்த வரைபடத்தை நம்புங்கள்.

அடுத்து அடிப்படைப் படங்கள். களத்தில் சிக்னல் இருக்காது என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கி வைக்க வேண்டும். படத்தைத் துண்டு துண்டாக ஒரே கோப்பில் வைக்கும் எம்பிடைல்ஸ் கோப்பை உருவாக்கும் கருவி கியூஜிஐஎஸ்ஸில் இருக்கிறது. ஜூம் நிலை ஒன்று கூடினால் துண்டுப் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். நிலநடுக்கோட்டருகே 10 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஜூம் 17-இல் ஏறக்குறைய 1,100 துண்டுகள், 19-இல் 17,000-க்கும் மேல். ஜூம் 17-இல் ஒரு பிக்சல் சுமார் 1.2 மீட்டர், பெரும்பாலான வேலைக்கு இது போதும். முக்கியமான பாறை வெளிப்பாடுகள் (மண்ணுக்கு வெளியே பாறை தெரியும் இடங்கள்) இருக்கும் சிறு பகுதிக்கு மட்டும் இன்னும் நெருக்கமாக எடுங்கள். படம் தருபவர் இறக்கிவைக்க அனுமதிக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடாதீர்கள். 30 மீட்டர் கோப்பர்னிக்கஸ் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து, ஒரு பக்கமிருந்து ஒளி விழுவதுபோல் மேடுபள்ளத்தைக் காட்டும் மலைநிழல் படம் ஒன்று தயாரியுங்கள். காடு மூடிய இடத்தில் செயற்கைக்கோள் படம் வெறும் பச்சையாகத் தெரியும். அங்கே நேர்கோட்டில் ஓடும் ஒரு பள்ளத்தாக்கை மலைநிழல் காட்டிக்கொடுக்கும். ஒளி எப்போதும் வடமேற்கிலிருந்து விழுந்தால் அதே திசையில் ஓடும் முகடுகள் மறைந்துவிடும் என்பதால், இரண்டு வேறு கோணங்களில் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

படிவம்: இங்கே நேரம் செலவிடுங்கள்

வெயிலில், ஒரு கையில் சுத்தியலோடு நிற்கும்போது நிரப்ப வேண்டிய படிவம் இது. முப்பது கட்டம் வைத்தால் மூன்றாம் நாள் பாதியை நிரப்பாமல் விட்டுவிடுவீர்கள்.

லேயர்களை, அதாவது வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தரவுத் தொகுதிகளை, இப்படிப் பிரிப்பேன். 'நிலையம்' ஒரு புள்ளி லேயர், நின்று பார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று. அதோடு இணைந்த மூன்று அட்டவணைகள்: அளவீடுகள், மாதிரிகள், படங்கள். ஒரே வெளிப்பாட்டில் எட்டு அளவீடு எடுக்கலாம், அதற்காக எட்டு நிலையம் போட வேண்டியதில்லை. இணைப்புக்கு யூயூஐடி என்ற தனித்துவ எண்ணைப் பயன்படுத்துங்கள். சாதாரண வரிசை எண்ணை நம்பி இணைத்தால், இரண்டு கைப்பேசிகளின் தரவு ஒன்று சேரும்போது எண்கள் மோதி, ஒருவர் எடுத்த அளவீடு இன்னொருவரின் நிலையத்துக்குப் போய்விடும். பாறை எல்லைக்கும் பிளவுப்பெயர்ச்சிக்கும் (பாறை உடைந்து நகர்ந்த இடம்) ஒரு கோட்டு லேயர் வேண்டும்.

பாறை வகைக்கு இறங்குபட்டி வையுங்கள். 'கிரானைட்' என்பதை மூன்று பேர் மூன்று விதமாகத் தட்டச்சு செய்வது அதோடு நிற்கும். ஆனால் அந்தப் பட்டியலில் 'தெரியவில்லை' என்ற வாய்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் கை ஒரு பெயரை அழுத்திவிடும், பிறகு அது உண்மையாகவே நிலைத்துவிடும். பக்கத்திலேயே நிறம், மணியளவு, கனிமங்கள், சிதைவு எல்லாவற்றையும் சொந்த வார்த்தையில் எழுத ஒரு திறந்த கட்டமும் வையுங்கள். வருடம் கழித்துப் பார்க்கும்போது உதவுவது அந்தக் கட்டம்தான்.

அப்புறம், நம்பிக்கையைச் சொல்லும் கட்டங்கள். கோட்டு லேயரில் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்றில் ஒன்றைத் தேர வேண்டும்: நேரில் கண்டது, ஊகித்தது, மண் மூடியது. நிலவியல் வரைபடங்களில் காலங்காலமாக முழுக்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, புள்ளிக்கோடு என்று காட்டி வருவதும் இதைத்தான். தேர்வுக்கு ஏற்ப கோட்டின் தோற்றம் தானாக மாறும்படி கியூஜிஐஎஸ்ஸில் அமைத்துவிட்டால், காகிதத்தின் மங்கல் பென்சில் திரைக்கும் வந்துவிடும். அளவீட்டு அட்டவணையில் தளத்தின் தரம் என்று ஒன்று: நல்ல தளம், கரடு, தூரத்திலிருந்து மதிப்பிட்டது. நிலையத்தில் 'நான் நின்ற இடமா, பார்த்த இடமா' என்று ஒன்று. ஓடைக்கரைச் சிக்கல் இந்த ஒரு கட்டத்தில் தீரும்.

தேதி, நேரம், ஜிபிஎஸ் துல்லியம் ஆகியவற்றைச் செயலியே நிரப்பும்படி முன்னிருப்பு மதிப்பாகக் கொடுங்கள். இவற்றைக் கையால் எழுதவே கூடாது.

இன்னும் ஒன்று. 060/30 என்று எழுதினால் என்ன பொருள்? வலக்கை விதிப்படி (ஸ்ட்ரைக் திசையை நோக்கி நின்றால் தளம் வலப்பக்கம் சரியும்) ஸ்ட்ரைக் 060 என்றால் தளம் 150 நோக்கிச் சரிகிறது. அதையே டிப் திசை 060 என்று ஒருவர் படித்தால் விடை 90 டிகிரி தள்ளிப்போகும். குழுவில் ஒரே முறையை முடிவு செய்து, படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கூடவே 'எந்தப் பக்கம் சரிகிறது' என்று எட்டுத் திசைகளில் ஒன்றைத் தேரும் கட்டமும் இருந்தால், எண்ணில் வரும் பிழை அன்றே பிடிபடும்.

எல்லாம் முடிந்ததும் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பக்கத்தில் எங்காவது ஒரு மணி நேரம் நடந்து, பத்து நிலையம் பதிந்து, படம் எடுத்து, திரும்பி வந்து கணினியில் சேர்த்துப் பாருங்கள். இந்த ஒத்திகையைத் தவிர்க்கவே கூடாது. படங்கள் வந்து சேரவில்லை என்பதைக் களத்திலிருந்து திரும்பிய பிறகு தெரிந்துகொண்டால் அந்தப் படங்களுக்கு வேறு வழியே இல்லை.

திசைகாட்டியை எவ்வளவு நம்பலாம்

கைப்பேசிக்குள் இரண்டு உணரிகள் இந்த வேலையைச் செய்கின்றன. டிப்பைத் தருவது முடுக்கமானி. அது புவியீர்ப்பின் திசையை உணர்வதால் பெரும்பாலும் நம்பலாம். ஸ்ட்ரைக்குக்கு வடக்கு எது என்று தெரிய வேண்டும், அதைத் தருவது காந்தமானி. சிக்கலெல்லாம் இதில்தான்.

காந்தம் வைத்த உறை, கைக்கடிகாரப் பட்டை, பவர் பேங்க், சுத்தியல் எல்லாமே காந்தமானியைக் கலைக்கும். உறையைக் கழற்றுங்கள், சுத்தியலை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், வண்டியிலிருந்து நன்றாக விலகி வாருங்கள். காலையிலும், இடம் மாறும்போதும் கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றி அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

பிறகு சோதனை. ஒரு நல்ல தளத்தில் வைத்து அளவெடுங்கள். அதே தளத்தில் கைப்பேசியை 180 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சரி, பத்து டிகிரி விலகினால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். டேவிட் பிரண்டன் 1894-இல் காப்புரிமை பெற்ற பாக்கெட் டிரான்ஸிட், பிரண்டன் என்றே அழைக்கப்படும் கைத்திசைகாட்டி, இன்னும் நிலவியலாளர் இடுப்பில் தொங்குவதற்குக் காரணம் உண்டு. ஒன்றை எடுத்துப் போங்கள். தினமும் மூன்று நான்கு தளங்களில் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள்.

பாறையே காந்தமுள்ளதாக இருந்தால் பிரண்டனும் உதவாது. மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் நிறைந்த காப்ரோ பாறை ஒன்றில் ஒரு முழு நாள் அளவெடுத்துவிட்டு, மாலையில் பார்த்தபோது டிப் எல்லாம் சீராகவும் ஸ்ட்ரைக் எல்லாம் சிதறியும் இருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஸ்ட்ரைக்குகளில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வேறு வழி இருக்கிறது: ஸ்ட்ரைக் ஓடும் திசையில் கண்ணால் நேராகப் பாருங்கள். தூரத்தில் அந்தக் கோட்டில் விழும் ஒரு மரத்தையோ முகட்டையோ செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் கண்டு, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதற்கான திசைக்கோணத்தைப் படத்திலேயே அளந்துகொள்ளுங்கள். காந்தம் எங்கும் குறுக்கிடாது.

கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும் அடுக்குகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். டிப் 5 டிகிரிதான் என்றால், பாறைத் தளத்தில் பக்கவாட்டில் 2 டிகிரி மேடு இருந்தாலே ஸ்ட்ரைக் சுமார் 22 டிகிரி திரும்பிவிடும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது வடிவியலின் விளைவு. தட்டையான பலகையையோ குறிப்பேட்டையோ பாறைமேல் வைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்து, ஐந்து இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

காந்த விலக்கம் பற்றி. காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல, வித்தியாசம் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதைக் கணிக்கும் உலகக் காந்த மாதிரி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, இப்போது இருப்பது 2025 பதிப்பு. சில செயலிகள் இருப்பிடம் தெரிந்தால் திருத்தத்தைத் தாமாகவே செய்துவிடும். அது தெரியாமல் நாம் கணினியில் இன்னொரு முறை திருத்தினால் திருத்தம் இரட்டிப்பாகி, அதுவே பிழையாகிவிடும். அமைப்புகளில் எது தேர்வாகி இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து எழுதி வையுங்கள்.

ஜிபிஎஸ்

திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடம் காட்டும். இது போதுமா என்பது வரைபடத்தின் அளவைப் பொறுத்தது. 1:25,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 12.5 மீட்டர். அங்கே 5 மீட்டர் பிழை கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். 1:500 அளவில் ஓர் அகழியை வரைகிறீர்கள் என்றால் அதே 5 மீட்டர் ஒரு சென்டிமீட்டர், வேலையே கெட்டுவிடும். அதற்கு ஆர்டிகே என்ற மிகத் துல்லியமான இடங்காட்டும் வசதியுள்ள வெளிக்கருவியை புளூடூத்தில் இணைக்க வேண்டும்.

செங்குத்துப் பாறைச் சுவர் அருகே சிக்னல் மோதித் திரும்பி வருவதால் புள்ளி பத்து இருபது மீட்டர்கூடத் தாவலாம். நிலவியலாளர் போய் நிற்பதோ பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான். ஒரு நிமிடம் அசையாமல் நின்று, கியூஃபீல்டின் சராசரி நிலைப் பதிவைப் பயன்படுத்துங்கள். அப்போதும் புள்ளி தவறான இடத்தில் தெரிந்தால், ஜிபிஎஸ் பூட்டை விடுவித்து, படத்தைப் பார்த்துக் குறுக்குக்குறியைச் சரியான இடத்துக்குக் கையால் நகர்த்தி, 'பார்த்த இடம்' என்று குறியுங்கள்.

உயரத்துக்குக் கைப்பேசியை நம்ப வேண்டாம். கிடைமட்டத்தைவிட அதில் பிழை அதிகம். அதோடு, ஜிபிஎஸ் அளப்பது நீள்வட்டகத்திலிருந்து (பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொண்ட கணித மாதிரி) உயரம். அதற்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய −106 முதல் +85 மீட்டர் வரை போகும். பின்னால் உயரத் தரவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பாறையின் முன்னால்

வந்து சேர்ந்ததும் கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு, பத்து மீட்டர் பின்னால் போய் முழு வெளிப்பாட்டையும் பாருங்கள். அடுக்குகள் எப்படி ஓடுகின்றன, எங்கே வெட்டுப்படுகின்றன, எது எதற்குப் பிந்தியது என்று கண் ஒரு முடிவுக்கு வரட்டும். பிறகு காகிதத்தில் ஓர் ஓவியம். ஆம், காகிதத்தில். ஓவியத்தில் எதை வரைவது, எதை விடுவது என்று தேர வேண்டியிருக்கிறது, அந்தத் தேர்வில்தான் பாறை புரிய ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நிலையத்தோடு சேர்த்துவிட்டால் போதும்.

அதற்குப் பிறகே நிலையத்தைத் திறந்து பாறையை விவரியுங்கள். அளவெடுக்கும்போது எந்தத் தளத்தை அளக்கிறீர்கள் என்பதை எண்ணுக்கு முன் தேர்ந்தெடுங்கள்: படுகைத் தளமா, ஃபோலியேஷனா (கனிமங்கள் தகடுபோல் வரிசையாக அமைந்த தளம்), பிளவா? என்ன தளம் என்று தெரியாத அளவீடு வெறும் எண்தான். எடுத்த எண்ணைச் சேமிக்கும் முன் பாறையை ஒருமுறை பாருங்கள். கண்ணுக்கு மேற்கே சரியும் தளத்துக்குத் திரை கிழக்கு என்று சொன்னால், கண்ணை நம்புங்கள்.

படத்தில் எப்போதும் ஓர் அளவுகோலும், எந்தத் திசை நோக்கி எடுத்தது என்பதும் வேண்டும். மாதிரி எடுக்கும்போது, உடைப்பதற்கு முன்பே மேல்பக்கத்தையும் திசையையும் கல்லின் மேல் மார்க்கரால் குறியுங்கள். எண்ணைக் கல்லிலும் பையிலும் எழுதி, இரண்டும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

பாறை தெரியாத இடத்தையும் பதியுங்கள். 'இங்கே வந்தேன், மண் மட்டுமே' என்று ஒரு புள்ளி. வெறுமையாக இருக்கும் வரைபடப் பகுதிக்கு நீங்கள் போகவே இல்லையா, போயும் ஒன்றும் இல்லையா என்பது பின்னால் மிக முக்கியமான வேறுபாடு.

எல்லையைத் தொடர்ந்து நடக்கும்போது, நடந்த தடத்தையே எல்லைக்கோடாக மாற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம். புதரைச் சுற்றிப் போனதும் பாறையில் ஏறி இறங்கியதும் அந்தத் தடத்தில் இருக்கும். எல்லையைத் தொட்ட இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, நடுவே உள்ளதை நில அமைப்பைப் பார்த்து வரையுங்கள். சரிந்த அடுக்கின் எல்லை பள்ளத்தாக்கைக் கடக்கும்போது பெரும்பாலும் சரியும் பக்கம் நோக்கி ஆங்கில வி எழுத்துப்போல் வளையும். நேர்க்கோடாக இழுத்திருந்தால் மறுபடி யோசியுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். நின்ற பிறகு பாருங்கள்.

பேட்டரியை மிச்சப்படுத்த விமானப் பயன்முறை போதும், ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். ஆனால் முதல் முறை இடம் கண்டுபிடிக்க நேரம் எடுக்கலாம், காலையில் திறந்தவெளியில் சில நிமிடம் பொறுத்திருங்கள். வெயிலில் பாறைமேல் வைத்த கைப்பேசி சூடேறி அணைந்துவிடும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 35 டிகிரி செல்சியஸ்தான். நிழலில் வையுங்கள்.

மாலை வேலை

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைய தரவை இரண்டு இடத்தில் நகலெடுக்காமல் படுக்காதீர்கள். படங்கள் உட்பட.

பிறகு அளவீடுகளை ஸ்டீரியோநெட்டில் (தளங்களின் திசையையும் சரிவையும் வட்டத்துக்குள் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம்) இட்டுப் பாருங்கள். கூட்டமாக விழும் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் கிடந்தால், வலக்கை விதியை மறந்திருக்கலாம், அல்லது உண்மையிலேயே ஒரு மடிப்பைக் கடந்திருக்கலாம். எது என்று தெரியாமல் திருத்தாதீர்கள். மூலத் தரவை அப்படியே விட்டு, திருத்தத்தைத் தனிக் கட்டத்தில் காரணத்தோடு எழுதுங்கள். எல்லைகளை இணைத்துப் பரப்புகளாக்கும் விளக்கமும் தனி லேயரில் இருக்கட்டும். பார்த்ததும் நினைத்ததும் ஒரே லேயரில் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

இணைத்து வரையும்போது இரண்டு எல்லைகள் பொருந்தாமல் முட்டி நிற்கும் இடங்கள் வரும். அந்த இடங்களில் 'நாளை பார்க்க' என்று ஒரு புள்ளி லேயரில் கேள்வியோடு குறித்து, கைப்பேசிக்கு அனுப்புங்கள். அடுத்த நாள் எங்கே நடப்பது என்பதை அந்தக் கேள்விகள் முடிவு செய்யட்டும். கைப்பேசி தரும் உண்மையான பயன் எனக்கு இதுதான். காகிதத்தில் வேலை செய்தபோது ஊர் திரும்பிய பிறகே தெரிந்த முரண்கள், இப்போது பாறை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடுகின்றன.

களப்பணி முடிந்ததும் ஒப்படைக்க வேண்டியவை: ஜியோபேக்கேஜ் கோப்பு, அளவீடுகளின் சிஎஸ்வி நகல், படங்களின் கோப்புறை. அவற்றோடு ஒரு சாதாரண உரைக்கோப்பு. அதில் எந்த ஆயத்தொலைவு முறை, ஸ்ட்ரைக்கை எழுதிய முறை, காந்த விலக்கம் திருத்தப்பட்டதா, எவ்வளவு, எந்தக் கைப்பேசி, எந்தச் செயலியின் எந்தப் பதிப்பு, பிரண்டனோடு ஒப்பிட்டபோது எத்தனை டிகிரி விலகியது, எந்த நாளின் ஸ்ட்ரைக்குகளை ஒதுக்க வேண்டும், ஏன் என்று எழுதி வையுங்கள்.